‘போர்டு பசங்க’: கால்பந்து கிளப்புகள் விற்கும் தகுதி



போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, வாரச் சம்பளம் வாங்கிய கையோடு ஒரு அம்மா எங்கள் படிப்பகத்துக்கு வந்தார். நெருப்பெரிச்சலில் வீட்டுவசதி அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அருந்ததியர் குடும்பம், தாராபுரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து பதினைந்து வருடம் ஆகிறது. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் மகனின் கால்பந்து ஜெர்சி. அதை எடுத்து மேசைமேல் போட்டு, உள்பக்கத்தை வெளியே திருப்பி, பக்கவாட்டுத் தையலைக் கட்டைவிரலால் நீவிக் காட்டினார்.

“இதப் பாருங்க சார். பாலியஸ்டர் துணி. ஓவர்லாக், கழுத்துப்பட்டி, அடிமடிப்பு, அவ்வளவுதான் வேலை. இந்த ஓவர்லாக்குக்கு எனக்குப் பீஸ் ரேட்டு ரெண்டு ரூபா வந்தாப் பெருசு. ரெண்டு செட்டுக்கு மூவாயிரத்து எரநூறு வாங்கினாங்க. செரி, போகட்டும், புள்ள ஆடட்டும்னு கட்டினனுங்க. மூணு மாசமா இதப் போட்டுட்டு உக்காந்துதானுங்க இருக்கறான். பந்து வெளிய போனா ஓடி எடுத்துக் குடுக்கறான். அதுக்கு எதுக்குங்க ஜெர்சி?”

எங்களிடம் பதில் இல்லை. உலகக் கோப்பை வரும்போதெல்லாம் ரசிகர்களுக்கான டி-சர்ட் ஆர்டர் திருப்பூருக்கு வரும். 2018 ரஷ்யாவுக்கும் 2022 கத்தாருக்கும் இங்கிருந்து போனது. அந்த அம்மாவும் பத்தாம் நம்பர் போட்ட சட்டைகளைக் கட்டுக் கட்டாக அடித்துத் தள்ளியவர்தான். ஒரு ஜெர்சியின் அடக்க விலை என்ன என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தன் பிள்ளை ஏன் ஆடவில்லை என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை.

கிளப்பின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு பெயரைச் சொன்னால் “அந்த ஒரு இடம்தான் அப்படி” என்று மற்றவர்கள் நழுவிக்கொள்வார்கள்.

பையனின் கதை இது. அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. இரண்டு வருடத்துக்கு முன்பு ‘ட்ரையல்ஸ்’ என்று பள்ளிக்கு வந்த கிளப்காரர்கள் நாற்பது பிள்ளைகளை ஓடவிட்டு நான்கு பேரைப் பொறுக்கி எடுத்தார்கள். நான்கு பேருமே குடியிருப்புப் பிள்ளைகள். ஸ்காலர்ஷிப், ஃபீஸ் கிடையாது என்றார்கள். அந்தக் காலத்தில் எல்லா ஆட்டத்திலும் அவன் முழு நேரம் ஆடினான். கோவையில் நடந்த 12 வயதுக்குட்பட்டோர் போட்டி ஒன்றில் கோப்பை வந்தது. கிளப் வாசலில் கட்டிய ஃபிளெக்ஸில் கோப்பையைத் தூக்கிப் பிடித்திருப்பவன் இவன்தான். அந்தப் படத்தைப் பார்த்துக் கோடை விடுமுறையில் கூட்டம் சேர்ந்தது. கூட்டம் சேர்ந்ததும் ஸ்காலர்ஷிப் முடிந்துவிட்டதென்று சொன்னார்கள். இனி மாதம் 2,500 ரூபாய். கிட் தனி. வெளியூர்ப் போட்டி தனி. அம்மா கான்ட்ராக்டரிடம் 15,000 ரூபாய் முன்பணம் வாங்கினார்.

முன்பணம் என்றால் என்ன என்று திருப்பூர் தோழர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். கடன் கழியும் வரை வேறு கம்பெனியில் பீஸ் ரேட்டு கூடக் கிடைத்தாலும் போக முடியாது. ஒன்றரை ஷிப்ட் என்றால் ஒன்றரை ஷிப்ட். ஞாயிற்றுக்கிழமை அவசர ஆர்டர் என்று கூப்பிட்டால் போயாக வேண்டும். கிளப்பின் ஆட்டங்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான். மகன் ஆடிய காலத்திலும் அவன் ஆட்டம் ஒன்றைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை. செல்போனில் பார்த்திருக்கிறார்.

ஃபீஸ் கட்டாதபோது ஆடியவன் ஃபீஸ் கட்டத் தொடங்கியதும் பெஞ்ச்சில் உட்கார்ந்தான். கேட்டால் விசித்திரமாக இருக்கும். ஆனால் கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. இலவசமாக ஆடியபோது அவன் கிளப்புக்கு விளம்பரம். விளம்பரம் ஜெயித்துக் காட்ட வேண்டும். காசு கட்டத் தொடங்கியதும் அவன் ஒரு வாடிக்கையாளர். அதுவும் இருக்கிற வாடிக்கையாளர்களில் ஆகக் கடைசி ஆள். அவனுக்காக மைதானத்தின் ஓரத்தில் நின்று சத்தம் போட யாரும் காரில் வருவதில்லை.

இனி அந்தக் காரில் வருபவர்களின் பக்கத்தையும் பார்த்துவிடுவோம். நாங்கள் அவர்களோடும் பேசினோம். அவர்களுக்கும் ஆத்திரம் இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. அந்த வயதுப் பிரிவில் ஒரு அணிக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டம். கிளப்பின் பட்டியலிலோ 26 பிள்ளைகள். 26 பேரிடமும் ஃபீஸ். “உங்க பையன்கிட்ட ஸ்பெஷலா ஏதோ இருக்கு” என்று 26 வீட்டிலும் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை ஏன் ஆடவில்லை என்று கேட்டால் ‘ஸ்பெஷல் கோச்சிங்’ என்று இன்னொரு ஃபீஸ். பதில் பேசினால் அடுத்த வாரம் பட்டியலில் பெயர் இருக்காது. மெர்ச்சண்டைசராக இருக்கும் ஒரு அப்பா எங்களிடம் சொன்னார்: “பையர் கிட்ட பேசறதவிட கோச்சுகிட்டப் பேசத்தாங்க பயமா இருக்குது.” ஏழு இடத்தை 26 பேருக்கு விற்றவரிடம்தான் இந்தக் கோபம் போயிருக்க வேண்டும். அங்கே போகவில்லை.

எங்கே போனது என்றால், பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒருநாள் இப்படி ஒரு செய்தி வந்தது: “நாம ஃபீஸ் கட்டறோம், நம்ம பசங்க உக்காந்திருக்காங்க. போர்டு பசங்க சும்மா வந்து ஆடிட்டுப் போறாங்க. இங்கயும் கோட்டாவா?” அதற்குக் கட்டைவிரல் தூக்கிய பதினொரு பேர். அந்தக் குழுவில் எங்கள் குடியிருப்புத் தாய்மார்களும் இருக்கிறார்கள் என்பது போட்டவருக்கு ஞாபகம் இல்லையா, ஞாபகம் இருந்தேதான் போட்டாரா, தெரியாது. ‘போர்டு பசங்க’ என்றால் ஹவுசிங் போர்டில் இருக்கும் பிள்ளைகள். சொல்லில் சாதி இல்லை. சாதியைச் சொல்லாமல் சாதியைச் சொல்வதற்குக் கொங்கு மண்டலத்தில் நாங்கள் கேட்டு வளர்ந்த பல சொற்களில் இது புதியது. முன்பு “ஊருக்குள்ளயா, காலனியா?” என்பார்கள்.

இந்த வாக்கியத்தை நீங்களும் உங்கள் கல்லூரி விடுதியில் கேட்டிருப்பீர்கள். மருத்துவ இடம் கிடைக்காத பையனின் அப்பா நன்கொடை வாங்கும் தனியார் கல்லூரியைத் திட்டமாட்டார். மொத்த இடமே ஏன் இவ்வளவு குறைவு என்றும் கேட்கமாட்டார். பக்கத்து இருக்கையில் இருக்கும் எஸ்.சி. மாணவனைத்தான் பார்ப்பார். அதே பார்வை இப்போது பத்து வயதுப் பிள்ளைகளின் பெஞ்ச்சுக்கு வந்துவிட்டது. கிளப் நடத்துபவருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? காசு கட்டும் பெற்றோரிடம் “என்ன சார் பண்றது, அந்தப் பசங்களையும் பாக்க வேண்டியிருக்கு” என்கிறார். எங்கள் தாய்மார்களிடம் “காசு கட்டறவங்க பிரஷர்மா” என்கிறார். இரண்டு பக்கத்துக் கோபமும் ஒன்றின்மேல் ஒன்று மோதி அடங்கிவிடுகிறது. மாதம் பிறந்தால் ஃபீஸ் வந்துவிடுகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கட்டைவிரல் தூக்கிய பதினொரு பேரில் நம் சமூகத்தைச் சேர்ந்த, அரசு வேலையில் இருக்கும் ஒருவரும் இருந்தார். இட ஒதுக்கீட்டில் படித்து வந்தவர். அவர் மகனும் பெஞ்ச்சில்தான் இருக்கிறான். நாங்கள் போய்க் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டார். “எம் பையன் உக்காந்திருக்கறதப் பாத்துட்டு இருந்தங்க, கை தானா அமுக்கிருச்சு” என்றார். அவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஃபீஸ் ரசீது கையில் இருந்தால் யார் வாயிலிருந்தும் இந்தப் பேச்சு வரும் என்பதற்காகச் சொல்கிறோம்.

சரி, கோச் என்ன காரணம் சொல்கிறார்? நேரில் போய்க் கேட்டோம். “ஸ்டாமினா பத்தல. டயட் சரியில்ல. ஆட்டிட்யூட் பிராப்ளம்.” மூன்றையும் பார்ப்போம்.

இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் அம்மா, சாயப்பட்டறையில் இரவு ஷிப்ட் போகும் அப்பா. மதியம் பள்ளிச் சத்துணவில் கிடைக்கும் முட்டைதான் அவனுடைய புரோட்டீன். கிளப் கொடுத்த டயட் பட்டியலில் பாதாம், அவகேடோ என்று எழுதியிருந்தது. அதை அந்த அம்மா எங்களிடம் வாசிக்கச் சொல்லிச் சிரித்தார். ‘ஆட்டிட்யூட்’ என்றால், பெஞ்ச்சில் உட்கார வைத்தபோது “ஏன் சார்?” என்று கேட்டிருக்கிறான். காரில் வரும் பிள்ளை அதே கேள்வியைக் கேட்டபோது ‘லீடர்ஷிப் குவாலிட்டி’ என்று குழுவில் பாராட்டிப் போட்டதும் இதே கோச்தான். எம்.ஏ. சமூகவியல் வகுப்பில் பியேர் பூர்தியூவின் பண்பாட்டு மூலதனம் பற்றிப் படித்தபோது தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். புரிந்தது அந்தச் செயற்கைப் புல் மைதானத்தின் வேலியோரம் நின்றபோதுதான்.

ஸ்டாமினா பற்றி இன்னொரு விஷயம் இருக்கிறது. பன்னிரண்டு வயதில் யார் பெரிய ஆட்டக்காரர் ஆவார் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரே வயதுப் பிரிவில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் நிற்பார்கள். பதினொரு மாத வளர்ச்சி ஒருவனுக்குக் கூடுதல். அவன் ஓடுவான், மோதுவான், தேர்வாவான். தேர்வானதால் நல்ல பயிற்சி கிடைக்கும், பயிற்சி கிடைத்ததால் இன்னும் நன்றாக ஆடுவான். கடைசியில் ‘பிறவித் திறமை’ என்பார்கள். உலகம் முழுக்க இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அதிகமாக இருப்பதை ஆய்வாளர்கள் பல காலமாகக் காட்டி வருகிறார்கள். பதினொரு மாதமே இவ்வளவு செய்யும் என்றால், தலைமுறை தலைமுறையாகக் கிடைத்த சோறும் நிலமும் ஓய்வும் என்ன செய்யும்? நார்வே நாட்டில் பிள்ளைகளுக்கு 11 வயது ஆகும் வரை தரவரிசையோ புள்ளிப் பட்டியலோ போடக்கூடாது என்று விளையாட்டு அமைப்புகளே விதி வைத்திருக்கின்றன. இங்கே ஒன்பது வயதுக்கு டிராஃபி, பெஸ்ட் பிளேயர், கோல்டன் பூட்.

பெற்றோர் ஏன் இதற்குப் பின்னால் ஓடுகிறார்கள்? “படிக்கிற புள்ளைய ஏன் கெடுக்கறீங்க” என்று சில தோழர்கள் எங்களிடமே கேட்கிறார்கள். அந்தக் கேள்வி கொஞ்சம் அவசரக் கேள்வி. தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவு இருக்கிறது. மாவட்ட அணி, மாநில அணி என்று கையில் ஒரு சான்றிதழ் இருந்தால் கல்லூரியில் இடம், காவல் துறையில் வேலை. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியவர், தமிழ்நாடு காவல் துறையில் உதவி ஆய்வாளர். எங்கள் அம்மாக்களுக்கு மெஸ்ஸி வேண்டாம், இந்துமதி வேண்டும். அது நியாயமான கணக்கு. அந்தச் சான்றிதழுக்குப் போகும் வழியில்தான் கிளப்காரர்கள் இப்போது கேட் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பள்ளிகளில் விளையாட்டு மெலிந்துபோனதால் நல்ல பயிற்சியும் தொடர்ந்து ஆட்டமும் கிளப்பில்தான் கிடைக்கின்றன. ஆட்டம் ஆடாதவன் பெயர் தேர்வாளர் காதுக்குப் போகாது. சான்றிதழில் சமூக நீதி இருக்கிறது. அதை வாங்கும் இடத்துக்குப் போக மாதம் 2,500 ரூபாய் ஆகிறது.

கிளப்காரர்கள் வாயில் வேறொரு கனவும் இருக்கிறது. ஐ.எஸ்.எல்., புரொஃபெஷனல், ஐரோப்பா. அந்த ஏணியின் மேல்படி எப்படி இருக்கிறது என்று அவர்கள் சொல்வதில்லை. இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டரில் கோவை நேரு ஸ்டேடியத்தில் ஆடி 2018-19 ஐ-லீக் கோப்பையை வென்றது சென்னை சிட்டி எஃப்.சி. இன்று அந்த அணி தேசிய லீக் எதிலும் இல்லை. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். போட்டியே நிறுத்தி வைக்கப்பட்டது. சம்மேளனத்துக்கும் அதன் வணிகப் பங்காளிக்கும் இடையிலான ஒப்பந்தம் முடியப்போகிறது, அடுத்து என்னவென்று தெரியாது என்பதுதான் காரணம். சென்னையின் எஃப்.சி. உட்படச் சில கிளப்புகள் வேலைகளை நிறுத்தின. சர்வதேச ஆட்டக்காரர்களே சம்பளம் வருமா என்று காத்திருந்த அந்த மாதங்களிலும் எங்கள் கிளப்பில் ‘பாத் வே டு ஐ.எஸ்.எல்.’ என்ற பேனரை யாரும் கழற்றவில்லை.

அந்த அம்மாவிடம் ஒரு காகிதமும் இருந்தது. சேர்க்கும்போது கையெழுத்து வாங்கிய படிவம். நான்கு பக்கம், முழுக்க ஆங்கிலம். மகனைச் சம்மேளனத்தின் கணினிப் பதிவில் இந்த கிளப்பின் ஆட்டக்காரராகப் பதிவு செய்யச் சம்மதம், படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தச் சம்மதம், வேறு அணிக்குப் போக வேண்டுமானால் பாக்கி அனைத்தும் கட்டி என்.ஓ.சி. பெற வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். எங்கள் குடியிருப்பில் காசு வாங்காமல் பயிற்சி கொடுக்கும் ஒரு பழைய ஆட்டக்காரர் இருக்கிறார். பகலில் அயர்னிங் வேலை. அவரிடமே போய்விடலாம் என்று பையன் நினைத்தபோதுதான் இந்த என்.ஓ.சி. குறுக்கே வந்தது. 8,500 ரூபாய் கேட்டார்கள். பெஞ்ச்சில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளையை விடுவிக்க 8,500 ரூபாய். கான்ட்ராக்டரிடம் அம்மாவுக்கு முன்பணம், கிளப்பிடம் மகனுக்கு என்.ஓ.சி. ஒரே வீட்டில் இரண்டு பேர் கட்டுண்டு கிடக்கிறார்கள்.

ஃபிஃபா விதிகளில் ‘பயிற்சி இழப்பீடு’ என்று ஒன்று உண்டு. ஆட்டக்காரர் ஒருவர் நாடு விட்டு நாடு போய் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடும்போது, 12 வயதிலிருந்து அவரைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் புதிய கிளப் பணம் கொடுக்க வேண்டும். பின்னாளில் அவர் விலைக்கு மாறினால் அந்தத் தொகையில் 5 சதவீதம் 12 முதல் 23 வயது வரை பயிற்சி கொடுத்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்படும். ஏழை கிளப்புகள் தங்கள் செலவில் பிள்ளைகளை வளர்த்துப் பணக்கார கிளப்புகளிடம் இழக்கின்றன என்பதற்காக வந்த விதி. நல்ல விதிதான். ஆனால் இங்கே வளர்த்த செலவு யாருடையது? ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்த அம்மாவுடையது. நாளைக்கு இழப்பீடு வந்தால் வாங்கப்போவது அவரிடம் ஃபீஸ் வாங்கியவர்.

பல்வங்கர் பாலூவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சமார் சாதியில் பிறந்தவர். பூனாவில் வெள்ளைக்காரர் கிளப்பில் மைதானம் பெருக்கும் வேலை. துரைமார் மட்டை வீசிப் பழக மணிக்கணக்கில் பந்து வீசுவார். அவருக்கு மட்டையைக் கொடுத்து ஆடச் சொல்லமாட்டார்கள். பிறகு இந்துக்கள் அணிக்கு அவர் இல்லாமல் ஜெயிக்க முடியாது என்றானபோது சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் அவர் எறிந்த பந்தைத் தொட்டவர்கள் தேநீரை மட்டும் தனிக் குவளையில் வெளியே கொடுத்தார்கள். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். கேப்டன் பதவி கடைசி வரை கொடுக்கவில்லை. அவர் தம்பி விட்டலுக்குத்தான், அதுவும் 1923-இல் பெரிய சண்டைக்குப் பிறகு, அது கிடைத்தது. ஜெயிக்க வேண்டிய நேரத்தில் கூப்பிடுவது, ஜெயித்த பிறகு ஓரம் கட்டுவது. நம் பையனை ஃபிளெக்ஸில் வைத்த கதைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது.

“அப்படியானால் நாமே ஒரு கிளப் தொடங்கலாமே” என்று ஒரு மாணவத் தோழர் கேட்டார். தொடங்கலாம். எங்கே ஆடுவது?

நெருப்பெரிச்சலுக்கு வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். திருப்பூர் நிலமெல்லாம் கை மாறும் பத்திரப்பதிவு அலுவலகம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. விடிந்தால் கார்களும் புரோக்கர்களும் ஸ்டாம்ப் பேப்பரும்தான். பந்து உதைக்க மட்டும் ஒரு காலியிடம் இல்லை. பத்து வருடத்துக்கு முன்பு பிள்ளைகள் ஆடிய மேட்டாங்காட்டில் இப்போது கல் நட்டு சைட் போட்டுவிட்டார்கள். மிச்சமிருப்பவை பாறைக்குழிகள். கல் உடைத்து எடுத்த பள்ளங்கள். அவற்றில் நகரத்துக் குப்பையைக் கொட்டுவதற்கு எதிராகத் திருப்பூரைச் சுற்றிலும் மக்கள் போராடிக்கொண்டிருக்கிறார்கள். 2011-இல் நெருப்பெரிச்சல் ஊராட்சி மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. வரி உயர்ந்தது. 2024-இல் தமிழக அரசு கலைஞர் பெயரில் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுக்கத் தொடங்கியபோது அது 12,525 ஊராட்சிகளுக்கு என்று வந்தது. நாங்கள் அப்போது ஊராட்சி இல்லை. தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்ற அறிவிப்பும் நல்லதுதான். ஆனால் ஒரு தொகுதி என்பது லட்சக்கணக்கான மக்கள். பேருந்தில் போய்வரக் காசில்லாத பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தொகுதி என்பது வெளியூர்.

இருக்கிற பொது மைதானங்களிலும் ஒன்றைக் கவனியுங்கள். மாலை ஐந்து மணி ஆனால் கூம்பு வைத்து, வலை கட்டி, தனியார் அகாடமிகள் இடத்தை எடுத்துக்கொள்கின்றன. வாடகை கட்டுகிறோம் என்பார்கள். பொது நிலத்தில் வேலி போட்டுக்கொண்டு, வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் பிள்ளையைப் பார்த்து “உனக்குத் தகுதி இருந்தால் வா” என்று சொல்வதை நாம் கோயில் வாசலிலும் குளக்கரையிலும் பார்த்து வந்தவர்கள்.

மைதானமும் ஆளும் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. வியாசர்பாடியில் 1997-இல் உமாபதி, தங்கராஜ் என்ற இரண்டு பேர் குடிசைப் பிள்ளைகளைச் சேர்த்துத் தொடங்கிய கால்பந்துப் பயிற்சி இன்று அந்தப் பகுதியின் அடையாளமாக இருக்கிறது. மாலை ஆட்டமும் படிப்பும் ஒன்றாக நடக்கும் இடம் அது. கடலூரில் மாரியப்பன் என்ற பயிற்சியாளர் ஏழை வீட்டுச் சிறுமிகளையும் சுனாமியில் பெற்றோரை இழந்தவர்களையும் சேர்த்து உருவாக்கிய ஆட்டக்காரர்கள் தமிழ்நாட்டுப் பெண்கள் அணியின் முதுகெலும்பு ஆனார்கள். அந்த அணி 2018-இல் மணிப்பூரை வீழ்த்தி முதல் தடவையாகத் தேசிய சாம்பியன் ஆனது. 2023-இல் மறுபடியும் வென்றது. 2025 அக்டோபரில் பஹ்ரைன் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற கபடி அணியில் நின்றவர் கண்ணகி நகர் கார்த்திகா. நகரத்திலிருந்து துரத்தப்பட்டவர்களை அடைத்த மறுகுடியமர்வுப் பகுதியிலிருந்து வந்தவர். கபடிக்குக் கிட் வேண்டாம், செயற்கைப் புல் வேண்டாம் என்பது சும்மா இல்லை.

ஆனால் இந்தக் கதைகளை ‘ஊக்கம் தரும் கதை’யாக வாங்கிச் சட்டம் போட்டு மாட்டுவதற்கு எதிராகவும் நாம் பேச வேண்டும். 2022-இல் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் இந்திய அணியின் கேப்டன் ஜார்க்கண்டைச் சேர்ந்த ஆதிவாசிப் பெண் அஸ்தம் ஓராவ். அவர் புகழ் பெற்றதும் அவர் வீட்டுக்குச் சாலை போட்டார்கள். அந்தச் சாலையில் கல் சுமந்த கூலிகளில் அவருடைய அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். மகள் தேசத்துக்குக் கேப்டன். பெற்றோர் மகள் பெயரால் வரும் சாலைக்குத் தினக்கூலி. ஒரு அஸ்தமைக் கொண்டாடிவிட்டு அந்த ஊரில் இருக்கும் மற்ற பிள்ளைகளுக்குப் பந்து வாங்கிக் கொடுக்காமல் இருக்க இந்த நாட்டால் முடியும்.

எங்கள் மேலும் குற்றம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு கிளப்காரர்கள் வந்தபோது மகிழ்ச்சியோடு பள்ளிக்கு அழைத்துப் போனவர்களில் நாங்களும் உண்டு. ‘ஸ்காலர்ஷிப்’ என்ற சொல்லைக் கேட்டதும் அந்தப் படிவத்தைப் படிக்கக்கூட இல்லை. நான்கு பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது என்று முகநூலில் போட்டோம். நாற்பதில் மிச்சம் முப்பத்தாறு பேர் அன்று மாலை என்ன செய்தார்கள் என்று நினைக்கவில்லை. அந்த நான்கு பேரில் இருவர் ஆறே மாதத்தில் நின்றுவிட்டார்கள். மூன்றாமவன் இப்போது விடுமுறையில் கைமடிக்கப் போகிறான். நான்காமவனின் ஜெர்சிதான் எங்கள் மேசைக்கு வந்தது.

ஆகவே ‘எங்கள் பிள்ளைக்கும் ஒரு ஸ்காலர்ஷிப் கொடுங்கள்’ என்று கிளப் வாசலில் நிற்பதை நிறுத்துகிறோம். கேட்க வேண்டிய இடம் வேறு. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணை ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் இருக்க வேண்டும் என்கிறது. எத்தனை பள்ளிகளில் அது சிமென்ட் போட்ட முற்றம்? உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் எத்தனை காலி? தமிழ்நாட்டு மக்கள்தொகையில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். நமக்கான துணைத்திட்ட நிதி வேறு செலவுக்குத் திரும்பிப் போவதைத் தடுக்கத்தான் 2024-இல் தனிச் சட்டமே வந்தது. அந்த நிதியில் குடியிருப்புக்கு ஒரு மைதானம், ஒரு சம்பளம் வாங்கும் பயிற்சியாளர் என்று கேட்பதில் என்ன தவறு? அயர்னிங் முடித்து வந்து பந்து கற்றுத்தரும் நம் அண்ணனுக்கு உரிமப் படிப்புச் செலவை அரசு கட்டினால் அவர் ஏன் அந்தப் பயிற்சியாளராக இருக்கக்கூடாது? அரசு இடத்திலோ மாநகராட்சி இடத்திலோ கூம்பு வைக்கும் எந்த அகாடமியும், தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடம் ஒதுக்குவதுபோல், கட்டணமில்லா இடங்களை ஒதுக்கட்டும். அப்படிச் சேரும் பிள்ளைக்கு ஆட்டத்தில் குறைந்தபட்ச நேரமும் எழுத்தில் உறுதியாகட்டும். சேர்த்துவிட்டு உட்கார வைக்கும் வித்தை நமக்குத் தெரிந்துவிட்டதே.

காசு கட்டும் பெற்றோருக்கும் சொல்கிறோம். மைதானம் பொதுவாக இருந்தால் உங்கள் பிள்ளையும் பெஞ்ச்சில் உட்கார வேண்டியதில்லை. ஏழு பேர் ஆடும் ஆட்டத்துக்கு 26 பேர் காத்திருக்காமல் நான்கு அணியாகப் பிரிந்து ஆடலாம். வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி போட்டவர் உட்பட யார் வந்தாலும் எங்களோடு நிற்கலாம். அந்த மெர்ச்சண்டைசர் அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். அரசு வேலையில் இருக்கும் தோழர் மனுவையே எழுதிக் கொடுத்தார். அலுவலகத் தமிழ் அவருக்கு நன்றாக வருகிறது.

வரும் திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அதைக் கொடுக்கிறோம். கூடவே ஒரு தகவல் உரிமை மனு. பொது மைதானங்களை மாலை நேரங்களில் எந்த அகாடமிகளுக்கு, எந்தத் தொகைக்கு, எத்தனை மணி நேரத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்ற ஒரே கேள்வி. இதுவரை 31 பெற்றோர் கையெழுத்து. ஒரு ஷிப்ட் போகும் என்று தெரிந்தே ஒன்பது பேர் நேரில் வருகிறார்கள். முன்பணம் வாங்கிய அந்த அம்மாவால் வர முடியாது. ஜெர்சியைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். தேவைப்பட்டால் கலெக்டர் மேசையில் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லியிருக்கிறார்.

கல்லூரித் தோழர்களிடம் ஒரு உதவி. அந்த நான்கு பக்க ஆங்கிலப் படிவத்தைப் போல இன்னும் பதினாறு வீட்டில் படிவங்கள் இருக்கின்றன, கிளப்புக்குக் கிளப் வாசகம் மாறுகிறது. அவற்றை எளிய தமிழில் எழுதி, பெற்றோரிடம் உட்கார்ந்து படித்துக் காட்ட ஆட்கள் வேண்டும். சட்டம் படிக்கும் தோழர்கள் வந்தால் இன்னும் நல்லது. சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மேல் வாருங்கள். அப்போதுதான் எல்லோரும் கம்பெனியிலிருந்து வந்திருப்பார்கள். இரவு தங்க இடம் இருக்கிறது. ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பத்திர அலுவலகத்தின் வெளியே கார்கள் இருக்காது. எங்கள் பிள்ளைகள் அங்கேதான் ஆடுகிறார்கள். அயர்னிங் அண்ணன் விசில் ஊதுவார். ஆள் குறைந்தால் உங்களையும் இறக்கிவிடுவார்கள், ஷூ இல்லாவிட்டால் பரவாயில்லை.